குழாய் இல்லாத தொட்டி

எங்க வீட்டுக்காரர் வேதிவினைகளைப் பத்தி இருபது வருஷமா ஆராய்ச்சி பண்றார். ஒரு தடவைகூட ஒரு சோதனைக்குழாயைக் கையால தொட்டதில்லை. காலேஜ்ல கணக்கு வாத்தியார். அவருக்கு வினைன்னா தாள்ல நாலு புள்ளி, நடுவுல அம்புக்குறி, அவ்வளவுதான். எந்தக் கலவை எந்தக் கலவையா மாறுதுன்னு வரைஞ்சு, புள்ளிகளை எண்ணி, அதுல தனித்தனியா நிக்கற கூட்டங்களைக் கழிச்சு, இன்னும் ஏதோ ஒரு எண்ணையும் கழிச்சா மிச்சம் வர்றதுக்குப் பேர் 'குறை எண்'. அது பூஜ்யமா இருந்து, போன அம்புக்கெல்லாம் திரும்பி வர வழியும் இருந்தா, வினை வேகமா நடந்தாலும் சரி, ஆமை மாதிரி நடந்தாலும் சரி, கடைசியில ஒரே ஒரு நிலையிலதான் போய் உக்காரும். இதைச் சொல்றப்போ மனுஷன் முகத்துல வர்ற களை இருக்கே, எங்க கல்யாணத்தன்னைக்குக்கூட நான் அதைப் பார்க்கலை.

நான் பசை ஆலையில ரியாக்டர் ஓட்டறவ. ரெண்டு ஆள் உயரத்துக்கு எஃகுத் தொட்டி. மேல சரக்கு போய்க்கிட்டே இருக்கும், கீழ பசை வந்துக்கிட்டே இருக்கும். பதினாலு வருஷமா அதோட மீட்டர்களுக்கு முன்னாடி உக்காந்திருக்கேன். போன மாசம் அதுக்குக் கிறுக்குப் பிடிச்சது. அதே சரக்கு, அதே சூடு. ஒரு நாள் பசை தெளிவா வரும், மறுநாள் மஞ்சளா கூழா வந்து அப்படியே நின்னுடும். மேனேஜர் கூப்பிட்டு, "உங்க கைதான் எங்கேயோ பிசகுது. சரியாகலைன்னா பேக்கிங்குக்கு மாத்திடுவேன்"னார். பேக்கிங்னா நாள் பூரா டப்பாவுக்கு மூடி போடறது.

வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தேனா? "எங்க வீட்டுக்காரர் இதுலதான் சார் ஆராய்ச்சி பண்றார், கேட்டுப் பாருங்க"ன்னேன். மேனேஜர் வினைப் பட்டியலை அனுப்பினார். இவரும் ரெண்டே நாள்ல கையெழுத்துப் போட்டுக் குறிப்பு அனுப்பிட்டார், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம. குறை எண் பூஜ்யமாம். தொட்டிக்கு ஒரே நிலைதான் உண்டாம். பசை ரெண்டு விதமா வந்தா, காரணம் வினைகளுக்கு வெளியில இருக்கணுமாம். வினைகளுக்கு வெளியில அந்த அறையில இருக்கிறது நான் ஒருத்திதான்!

மேனேஜர் அந்தக் குறிப்பை என் கையில கொடுத்த அன்னைக்குச் சாயங்காலம், சாப்பாட்டு மேஜையில அந்தத் தாளை விரிச்சேன். "அழகான முடிவு இல்ல?"ன்னார்.

"கட்டின பொண்டாட்டியைக் காட்டிக் கொடுத்துட்டு அழகு வேறயா!" கத்தி முடிச்ச அப்புறம்தான் தாள்ல அவர் போட்டிருந்த படத்தைச் சரியா பார்த்தேன். "இதுல குழாய் எங்கங்க?"

"எந்தக் குழாய்?"

"சரக்கு உள்ளே வர்ற குழாய், பசை வெளியே போற குழாய். நீங்க வரைஞ்சிருக்கிறது மூடி வெச்ச பாத்திரம்."

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "பட்டியல்ல குழாய் இல்லையேம்மா."

பட்டியல்ல எப்படி இருக்கும்? தொட்டின்னா குழாய் இருக்கும்னு ஆலையில எல்லாருக்கும் தெரியும். அதை யார் போய் எழுதுவாங்க? அங்கேயே உக்காந்து வர்றதுக்கும் போறதுக்கும் அம்பு போட்டுத் திரும்ப எண்ணினார். குறை எண் ஒண்ணு. "அப்போ ரெண்டு நிலை வருமா?"ன்னு ஆசையா கேட்டேன். "வரலாம், வராமலும் இருக்கலாம். இந்தத் தேற்றம் பூஜ்யத்துக்குத்தான் பேசும். முழுசா கணக்குப் போட எனக்கு ஆறு மாசமாவது வேணும்"னார். மேனேஜர் எனக்குக் கொடுத்திருந்த கெடு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்.

வெள்ளிக்கிழமை அவரும் என்னோட ஆலைக்கு வந்தார். "என் குறிப்பு தப்பு. குழாயை மறந்துட்டேன்"னு பளிச்சுனு சொன்னார். மேனேஜருக்குச் சிரிப்பை அடக்க முடியலை. "அப்போ இவங்க மேல தப்பில்லைன்னு எழுதிக் கொடுங்க சார்."

"எழுத முடியாது. இன்னும் நிரூபணம் இல்லை."

அடப்பாவி மனுஷா! அங்கேயே கழுத்தை நெரிச்சிருப்பேன்.

மேனேஜர் ஃபைலை மூடப் போனார். இவர் அதுமேல கையை வெச்சார். "இவளோட பதினேழு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். பண்ணின தப்பை இல்லைன்னு ஒரு நாளும் சொன்னவ கிடையாது. கை பிசகலைன்னு இவ சொன்னா பிசகலை. இதுக்கு என்கிட்ட நிரூபணம் கிடையாது."

மேனேஜர் கடைசி வாக்கியத்தை மட்டும் ஃபைல்ல எழுதிக்கிட்டார்.

திங்கட்கிழமையிலேர்ந்து நான் பேக்கிங். அழுகை வந்துச்சு, இல்லேங்கலை. ஆனா அந்த வெள்ளிக்கிழமை ஆலை வாசல்லேர்ந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் அவர் கையை நான் விடவே இல்லை.