பிலோமினா அக்காவின் மகளிடம் சொன்ன பொய்

பிலோமினா அக்கா இறந்துவிட்டார்... இன்று விடிகாலை. மாரடைப்பாம்.

மந்தைவெளியில் ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுப்பவர்.

அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கோயில் குளத்தைச் சுற்றினேன். அடையாறு வரை நடந்தேன், திரும்பினேன்... இந்தப் போஸ்ட்டை எழுதினேன், அழித்தேன்.

ஐந்து வருடம் முன்பு, டேட்டிங் ஆப்பில் பழகிய ஒருவனோடு காண்டம் இல்லாமல் இருந்துவிட்டேன். "நான் க்ளீன்" என்றான். நம்பினேன்.

அப்புறம் பயம். எச்ஐவி டெஸ்ட்டுக்காக அக்காவின் லேபுக்குப் போய், ஃபார்மில் கார்த்திக் என்று ஏதோ ஒரு பெயரை எழுதினேன்.

அக்கா மூன்று முறை "கார்த்திக்" என்று கூப்பிட்டார். நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேர மாத்திக்கினா ஞாபகம் வெச்சிக்கணும் கண்ணு" என்றார், ஊசியைப் பிரித்துக்கொண்டே. பிறகு சாதாரணமாக, "யார் கூட? பையனா?"

தலையாட்டினேன்.

"சரி, கைய நீட்டு."

நெகட்டிவ் என்று வந்தது. நான் குதித்தேன்.

"துள்ளாத. இவ்ளோ சீக்கிரம் காட்டாது. மூணு மாசம் கழிச்சி இன்னொரு வாட்டி வா. அதுவரைக்கும் காண்டம் இல்லாம எவன் கூடவும் போவாத."

மூன்று மாதம் கழித்துப் பாசிட்டிவ்.

"செத்துருவேனாக்கா?"

"அதுக்கு இன்னும் நாப்பது வருஷம் கீது. தெனம் மாத்திர போடணும், அவ்ளோதான். எழுந்திரு."

அரை நாள் லீவு போட்டு, பஸ்ஸில் என்னை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். டோக்கன் வரிசையில் கூடவே நின்றார். இப்போது டெஸ்ட்டில் தென்படாத அளவுக்கு வைரஸ் குறைந்திருக்கிறது.

இன்று காலையில், அக்காவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அவர் மகள் மெர்லின் கேட்டாள். "அம்மாவ எப்டிண்ணா தெரியும்?"

"லேபுக்குப் பக்கத்து ஆபீஸ்மா" என்றேன்.

பொய். அக்காவின் முகத்துக்கு நேராக நின்று...

எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பையன்களும், அவள் கேட்டபோது, இதே மாதிரி ஏதோ முணுமுணுத்தார்கள்.

என் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. இதைப் போட்டால் யாராவது போன் செய்து சொல்லிவிடுவார்கள். தெரியட்டும்.

மெர்லின், நீ என் ஃப்ரெண்ட் லிஸ்ட்டில் இல்லை. யாராவது உன்னிடம் காட்டுவார்கள். ஆபீஸ் எல்லாம் இல்லைம்மா. உன் அம்மா ஆஸ்பத்திரிக்குக் கைபிடித்துக் கூட்டிப்போன பையன் நான். நன்றாக இருக்கிறேன்.

அக்கா... நாளை அடக்கத்துக்கு வருகிறேன். கூட்டத்துக்குப் பின்னால் நிற்க மாட்டேன்.