முன்தண்டுக்காரனின் கால்

எகிப்தின் தீப்ஸ் நகரத்தில் கால் செதுக்கியே பிழைத்தவன் பாசேது. முகமெல்லாம் மேஸ்திரி பார்த்துக்கொள்வார். கோயில் சுவரில் அமூன் சாமி எழுந்தருளும் படகைத் தோளில் தூக்கி வரும் முப்பது பேருக்கும் முழங்காலுக்குக் கீழே இவன் உளிதான். எவன் எந்தக் காலை ஊன்றுகிறான் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான்.

களஞ்சிய மேலாளன் கென்னாவுக்கு இவன் வீட்டின்மேல் கண் விழுந்தது. பாசேதுவின் அப்பன் மண் குழைத்துக் கட்டிய வீட்டை, "எங்க பாட்டன் மனை" என்றான். அடப்பாவி! ஊராரால் தீர்க்க முடியாமல், திருவிழா ஊர்வலத்தில் சாமியிடமே கேட்பதென்று முடிவானது. வீடு பாசேதுவுக்கு என்றால் படகு முன்னால் வரும், இல்லையென்றால் பின்வாங்கும்.

பாசேதுவுக்குக் கவலையே இல்லை. படகைச் சுமக்கும் முன்தண்டைத் தூக்குபவன் அவன் பெண்டாட்டி தாமித்தின் தம்பி நெப்ரே. தம்பிக்கு அந்த வேலை கிடைக்க அர்ச்சகரிடம் ஒரு மாதம் கெஞ்சியவனே பாசேதுதான். அன்று காலையிலும் நெப்ரே வந்து ரொட்டியும் பார்லிக் கள்ளும் ஒரு பிடி பிடித்தான்.

"நான் இருக்கேன்ல, மாமா. நிம்மதியா இரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

படகு வந்ததும் பாசேது குப்புற விழுந்தான். "சாமி, என் வீடு என்னுதுதானே?"

அவன் கண்ணெதிரே கால்கள் மட்டும்தான். எல்லாம் அசையாமல் நின்றன. நெப்ரேயின் வலது கால் மட்டும் பின்னால் போய் மண்ணில் ஊன்றியது. மற்றவர்கள் தடுமாறினார்கள். படகு பின்வாங்கியது.

"இவன்தான் இழுத்தான்! நான் பார்த்தேன்!" என்று பாசேது கத்தினான்.

"வாயை மூடுய்யா, சாமி குத்தமாயிடும்!" என்று ஊரே அடக்கியது.

"சாமி சொன்னதுக்கு என் தம்பி என்ன பண்ணுவான்?" என்றாள் தாமித். எல்லாவற்றையும்விட அதுதான் அவனைக் கொன்றது.

அறுவடை முடிந்ததும் கென்னாவின் மகளைக் கட்டிக்கொண்டு நெப்ரே அதே வீட்டில் குடியேறினான். பாசேதுவும் தாமித்தும் கல் அடுக்கும் கொட்டகைக்குப் போனார்கள்.

பிறகு அந்த வருஷத்து ஊர்வலத்தைச் சுவரில் செதுக்கும் வேலை வந்தது. நெப்ரே வேடிக்கை பார்க்க வந்தான்.

"மாமா, என் காலை நல்லா செதுக்கு. சாமியைச் சுமந்த காலாக்கும்!"

பாசேது உளியைக் கீழே வைத்தான். மேஸ்திரியிடம் போனான்.

"அண்ணே, இவன் காலை மட்டும் பின்னால வச்சுச் செதுக்கட்டுமா? நடந்தது அதுதானே?"

"பைத்தியமாடா உனக்கு? சுவத்துல சாமி முன்னாலதான் போகணும். பேசாம வேலையைப் பாரு."

பாசேது உளியை எடுத்தான். கண்ணீரைத் துடைத்துத் துடைத்து நெப்ரேயின் வலது காலை, விரல் நகம் முதற்கொண்டு, முன்னால் எடுத்து வைத்துச் செதுக்கினான்.