கேள்வியின் மூன்றாம் பகுதி

தணிகைவேலின் காக்கி உடுப்பு பீரோவுக்குள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. உளவுப் பிரிவுக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து அரைக்கைச் சட்டையும் சாம்பல் நிறப் பேண்டும்தான். குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டிப் பிழைத்த குடும்பத்திலிருந்து போலீசுக்குப் போன முதல் ஆள் அவர். ஏட்டு ஆனபிறகும் அவர் என்ன வேலை செய்கிறார் என்பது சொந்தக்காரர்களுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. "எம்.எல்.ஏ. ஆபீஸ்ல இருக்கான்" என்று சொல்லிக்கொள்வார்கள். அதில் பொய்யும் இல்லை.

எம்.எல்.ஏ. பரணிதரன் ஆம்பூர்ப் பக்கத்துத் தொகுதிக்காரர். பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்று முதல்முறையே ஜெயித்தவர். ஆளும் கூட்டணியில் இருந்த ஒரு சின்னக் கட்சி அவருடையது.

அவரைக் கவனிப்பதுதான் தணிகைவேலின் வேலை. கவனிப்பது என்றால் சுவருக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பதல்ல. காலையில் பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்து, எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, மனு கொடுக்க வந்தவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். அவர் சி.ஐ.டி. ஏட்டு என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். எம்.எல்.ஏ.வுக்கும் அவர் தேவைப்பட்டார். எந்த ஊரில் தண்ணீருக்காக மறியல் வரப்போகிறது, கூட்டத்துக்கு உண்மையில் எத்தனை பேர் வந்தார்கள், கட்சிக்குள் யார் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுகிறார்கள் என்பதைக் கட்சிக்காரர்கள் சொல்லமாட்டார்கள். தணிகைவேல் சொல்வார். பதிலுக்கு எம்.எல்.ஏ. மனசில் உள்ளதைப் பேசுவார். சட்டசபை கூடுவதற்கு முன்னால் என்னென்ன கேள்வி கொடுத்திருக்கிறார் என்று காட்டுவார். தணிகைவேல் அதைப் போனில் படம் எடுத்து மேலே அனுப்பிவிடுவார். அவர் படம் எடுப்பதும் எம்.எல்.ஏ.வுக்குத் தெரியும். எம்.எல்.ஏ.வின் பிறந்தநாளுக்கு டி.எஸ்.பி. நாகேந்திரன் மறக்காமல் போன் செய்து வாழ்த்துவார். எல்லாம் சுமுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

பரணிதரனுக்கு ஒரே மகள், நித்யஸ்ரீ. கோயம்புத்தூரில் காலேஜ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தவள் முதலில் சாப்பிடுவதை நிறுத்தினாள். அப்புறம் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். வீட்டுக்குக் கூட்டிவந்து, பாகாயத்தில் ஒரு மனநல டாக்டரிடம் வியாழக்கிழமைதோறும் காட்டத் தொடங்கினார்கள்.

"கட்சிக்காரனுங்க கண்ணுல பட்டா ஊரெல்லாம் பேச்சாயிடும் தணிகை," என்றார் பரணிதரன். "டிரைவர்கூட வேணாம். நீ மட்டும் வா."

தணிகைவேல் காரை ஓட்டிக்கொண்டு போனார். அப்பாவும் மகளும் டாக்டர் அறையில் இருக்கும்போது மாத்திரைக் கவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நிற்பார். நாலாவது மாசம் ஒரு வியாழக்கிழமை, திரும்பி வரும் வழியில் நித்யஸ்ரீ பின்சீட்டிலிருந்து, "அண்ணா, ஏசி கம்மி பண்றீங்களா?" என்று கேட்டாள். பரணிதரன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தணிகைவேல் ஏசியைக் குறைத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மனைவி சோபனாவிடம் அதைத்தான் முதலில் சொன்னார்.

அவர்தான் அந்த ஐப்பசியில் அப்படி எழுதினார் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். மழை விடாமல் பெய்த வாரம் அது. ஆபீசுக்கு ஆள் வரவில்லை, எம்.எல்.ஏ.வும் வெளியே போகவில்லை. 'செய்தி இல்லை' என்று மூன்று நாள் தொடர்ந்து அனுப்பியிருந்தார். இன்ஸ்பெக்டர் போனில் பிடித்துக்கொண்டார்.

"இன்னாய்யா, மூணு நாளா ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு அனுப்பினு இருக்கே? உன் எம்.எல்.ஏ. உயிரோட இருக்காரா, இல்லியா? வேலை புடிக்கலன்னா சொல்லு, டிராஃபிக்ல போட்டுடறேன்."

தணிகைவேல் ஆபீஸ் வாசலில் சாரல் படாமல் ஒதுங்கி நின்று, போனில் இரண்டு வரி தட்டினார். 'எம்.எல்.ஏ. வியாழன்தோறும் மாலை பாகாயம் சென்றுவருகிறார். மகளின் மனநல சிகிச்சை தொடர்பாக.' இன்ஸ்பெக்டர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினார். விஷயம் அதோடு முடிந்தது. தணிகைவேல் அதை மறந்தும் போனார்.

மார்கழியில் வேறொரு குறிப்பு எழுதினார். அதை அக்கறையோடு, யாரும் கேட்காமலே எழுதினார். ஒரு தோல் கம்பெனியின் கழிவுத்தொட்டியில் ஆட்களை முகமூடி, கயிறு எதுவும் இல்லாமல் இறக்குகிறார்கள், எந்த நேரமும் உயிர்ச்சேதம் நடக்கலாம் என்று கம்பெனிப் பெயர், இடம் எல்லாம் போட்டு அனுப்பினார். அதற்குக் கட்டை விரல்கூட வரவில்லை.

பங்குனியில் அந்தத் தொட்டியில் மூன்று பேர் செத்தார்கள். முதலில் இறங்கியவன் மதியழகன், முப்பத்தொரு வயசு. அவனைத் தூக்கப் போன இரண்டு பேரும் மேலே வரவில்லை. மதியழகனின் மனைவி சௌமியா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்ப்பவள். கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையோடே பிணவறை வாசலுக்கு ஓடிவந்திருந்தாள். அட்டையைக் கழற்ற வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, கூட இருந்தவர்களுக்கும் தோன்றவில்லை.

தணிகைவேல் அங்கே கூட்டத்தைக் கணக்கெடுக்கத்தான் போனார். மறியல் நடக்குமா, யார் தூண்டுகிறார்கள் என்று மேலேயிருந்து ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் போன் வந்துகொண்டிருந்தது. பரணிதரன் வேப்பமரத்தடியில் தனியாக நிற்பதைப் பார்த்ததும் பக்கத்தில் போனார். என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

"எங்களுக்குத் தெரியும் சார்."

"இன்னா தெரியும்?"

"இந்தத் தொட்டி சமாச்சாரம். மூணு மாசம் முன்னாடியே எழுதி அனுப்பிட்டேன் சார். கம்பெனி பேரு போட்டு."

பரணிதரன் சௌமியா உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய்க் குனிந்து, "நடக்கப் போறது முன்னாடியே தெரிஞ்சவங்க இருக்காங்கம்மா. நான் சபையில கேக்கறேன்," என்றார்.

கேள்வியைத் தன் கைப்படவே எழுதினார். மூன்று பகுதி. (அ) விபத்து நடந்தது அரசுக்குத் தெரியுமா? (ஆ) குடும்பங்களுக்கு என்ன நிவாரணம்? (இ) இந்த ஆபத்து பற்றி உளவுப் பிரிவுக்கு முன்கூட்டியே தகவல் கிடைத்ததா? கிடைத்திருந்தால் அதன்மேல் எடுத்த நடவடிக்கை என்ன?

தணிகைவேல் எட்டிப் படித்தார். "மூணாவது வேணாம் சார். என் வேலை போயிடும்."

"உன் பேரு எங்கய்யா வருது இதுல?"

"நான் ஒருத்தன்தானே சார் எழுதினேன்."

பரணிதரன் தாளை நீட்டினார். படம் எடுத்து அனுப்ப வேண்டியது தணிகைவேலின் வேலை அல்லவா? மறைத்தால் சட்டசபை அலுவலகம் வழியாகத் தெரிந்துவிடும்; அப்போது ஏன் மறைத்தாய் என்ற கேள்வி வரும். தன்னைக் காட்டிக்கொடுக்கும் கேள்வியைத் தானே படம் எடுத்து மேலே அனுப்பினார்.

பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை டி.எஸ்.பி. நாகேந்திரன் பரணிதரன் வீட்டுக்கு வந்தார். தணிகைவேலையும் வரச்சொல்லியிருந்தார். ஆம்பூரிலிருந்து பிரியாணி வாங்கி வந்திருந்தார். குரல் உயர்த்திப் பேசும் பழக்கமே இல்லாத மனிதர்.

"கேள்வி ரொம்ப நியாயமான கேள்வி சார்," என்று தொடங்கினார். "அது உங்க உரிமை. அதைப் பத்திப் பேச நான் வரல."

"பின்ன?"

"பாப்பா எப்படி இருக்காங்க சார்?"

பரணிதரன் நிமிர்ந்தார்.

"பாகாயத்து டாக்டர் கெட்டிக்காரர்னு சொல்றாங்க. நல்லா தேறி வர்றதா கேள்விப்பட்டேன், சந்தோஷமா இருந்துச்சு. ஒரு யூடியூப்காரன் இதை மோப்பம் புடிச்சிட்டான் சார். வியாழக்கிழமை வியாழக்கிழமை போறீங்கன்ற வரைக்கும் வெச்சிருக்கான். எங்க ஆளுங்கதான் பேசி நிறுத்தி வெச்சிருக்காங்க. பொம்பளப் புள்ள விஷயம் பாருங்க, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்குது."

பரணிதரன் டி.எஸ்.பி.யைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற தணிகைவேலைப் பார்த்தார். தணிகைவேல் தரையைப் பார்த்தார்.

"உங்களை மாதிரி நல்லவங்களுக்கு நாங்க செய்யாம வேற யாருக்குச் செய்வோம் சார்?" என்றார் நாகேந்திரன். "நீங்களும் எங்களைக் கொஞ்சம் பாத்துக்கணும். முதல் ரெண்டு பகுதியும் தாராளமா கேளுங்க. அமைச்சர் நல்ல பதிலா சொல்வாரு."

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவர் கைகூப்பி விடைபெற்றுப் போனார். கார் சத்தம் தெருமுனையில் அடங்கும்வரை பரணிதரன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நீதானா?"

"ஆமா சார்."

"எப்போ எழுதினே?"

"ஐப்பசியில சார். மழை வாரம். செய்தி ஒண்ணும் இல்லாத நாளு..."

"செய்தி இல்லாத நாளு," என்று பரணிதரன் மெல்லத் திருப்பிச் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். அவர் மேஜையிலிருந்து தன் பெயர் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து வைத்தார். "உக்காரு. பேரவைச் செயலாளருக்கு லெட்டர். என் கேள்வியின் 'இ' பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்னு எழுது. உன் கையெழுத்து நல்லா இருக்கும்."

தணிகைவேல் எழுதினார். பரணிதரன் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். உள்ளே நித்யஸ்ரீ டிவி பார்த்து எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

சபையில் கேள்வி வந்த நாளில் சௌமியா கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் போனை வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறாள். சாயங்காலம் நேராக ஆபீசுக்கு வந்தாள்.

"ரெண்டுதான் கேட்டீங்க சார். முன்னாடியே தெரியுமான்றது வரலியே?"

"நேரம் போதலம்மா," என்றார் பரணிதரன். அவர் வாத்தியாராக இருந்தவர். பொய் சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது.

தணிகைவேல் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் சிரித்தார். "எம்.எல்.ஏ.வே நீதான் வேணும்னு டி.எஸ்.பி. கிட்ட சொல்லிட்டாராம். உனக்கு அவ்வளவு செல்வாக்கு!"

தணிகைவேல் பரணிதரனிடமே போய்க் கேட்டார். "என்னை விட்ருங்க சார். உங்க முகத்துல முழிக்க முடியல."

"உன்னை மாத்தினா இன்னொருத்தன் வருவான். அவன் எதை எழுதுவான்னு எனக்குத் தெரியாது. உன்கிட்ட எதைக் காட்டக்கூடாதுன்னு தெரிஞ்சுபோச்சு. நீயே இரு."

நித்யஸ்ரீயைப் பெங்களூரில் அவள் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே புது டாக்டரிடம் பேசமாட்டேன் என்கிறாளாம். மறுபடியும் சாப்பாடு குறைந்துவிட்டதாம். இதுவும் தணிகைவேலுக்கு டிரைவர் சொல்லித்தான் தெரியும். அதை அவர் எழுதவில்லை. எழுதாமல் விட்டதால் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை. பரணிதரன் இப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் அவரைக் கூப்பிட்டு, "எழுதிக்கோ," என்று இரண்டு வரி சொல்கிறார். அப்படியே மேலே போகிறது. மேலே இருப்பவர்களுக்கும் அது எம்.எல்.ஏ. சொல்லி எழுதியது என்று தெரியும். ஒரு பேஜாரும் இல்லை.

"நீங்க ஒருத்தர் என்ன பண்ணிருக்க முடியும்?" என்று சோபனா ஒருநாள் கேட்டாள். அவள் ஆறுதலுக்குத்தான் கேட்டாள். அந்தப் பெண் காரில் ஏசியைக் குறைக்கச் சொன்னது அவர் காதிலேயே நின்றது.

ஆடி மாசம் சௌமியா தணிகைவேலைத் தேடி வந்தாள். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டால் எல்லாம் தெரியும் என்று கம்பெனியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"உங்களுக்குச் சட்டம் தெரியும் சார். எப்படி எழுதணும்னு சொல்லுங்க."

உளவுப் பிரிவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அது தணிகைவேலுக்கு நன்றாகத் தெரியும். பதில் எப்படி வரும் என்பதைக்கூட அவரால் அப்படியே சொல்லியிருக்க முடியும். ஆனால் அவள் எதிரே வெள்ளைத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். எழுதிப் போடவேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தான் எழுதித் தரவும் பயம். கையெழுத்தை அடையாளம் கண்டுவிடுவார்கள். அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவள் எழுதினாள். 'தகவல் வந்த தேதி' என்ற வரியில், தேதி தெரிந்தும், இடத்தைக் காலியாக விடச் சொன்னார்.

முப்பத்தெட்டாம் நாள் பதில் வந்தது. ஷிப்ட் முடிந்து அவள் உறையோடு வந்து நின்றாள். தணிகைவேல் முதல்முறை பார்ப்பவரைப் போல நிதானமாகப் படித்தார். 'மேற்படி பிரிவுக்கு விலக்கு அளிக்கப்பட்டுள்ளதால் தகவல் வழங்க இயலாது.'

"அப்டின்னா இன்னா சார்?"

"சொல்லமாட்டாங்களாம்மா."

"தெரியும்னும் சொல்லல, தெரியாதுன்னும் சொல்லல?"

"ம்."

அவள் காகிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள். "பரவால்ல சார். நீங்களாவது கூட நின்னீங்களே," என்று சொல்லிவிட்டு, கம்பெனி பஸ் கிளம்பிவிடும் என்று வேகமாகப் படியிறங்கினாள். தணிகைவேல் அவளைக் கூப்பிட வாயெடுத்தார். கூப்பிட்டு என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் பஸ் போய்விட்டது.