அண்ணனுக்குக் கேட்காத பக்கம்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தோம். பெரம்பூரில் ரயில் பெட்டிகளுக்குத் தகடு அடிக்கும் வேலையில் இருந்த என் அண்ணன் டிரம்ஸ். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அவனுடைய தோஸ்து சாக்ஸபோன். ஞாயிறு பூசைக்கு மாதா கோயிலில் வாசித்துப் பழகிய நான் கீபோர்டு. எங்களிடம் பாட்டு கிடையாது, எழுதிவைத்த ஸ்வரம் கிடையாது. ஒருவர் ஆரம்பிக்க, மற்ற இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு பின்தொடர்ந்து, அந்த இடத்திலேயே இசையை உண்டாக்கிக்கொண்டு போவோம். கேட்காமல் வாசிக்கவே முடியாத வகை அது.

முதன்முதலாக ஆட்களை அழைத்து வாசித்தது ராயபுரத்தில், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியறையில். அன்று மதியம் எங்கள் காலடிப்பேட்டை வீட்டு வாசலில் அண்ணன் டிரம்ஸை ஆட்டோவில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்தபடியே ரிவர்ஸில் வந்தது. அவன் நகரவில்லை. ஓடிப்போய் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உனக்குக் கேக்கலயாண்ணா?"

கயிற்றை இன்னொரு சுற்று சுற்றினான். "லெஃப்டு காது சுத்தமா போச்சு. ரைட்டும் போய்க்கினு கீது. பட்டறை சத்தம், வேற இன்னா."

"எப்பலேர்ந்து?"

"போன மழைலேர்ந்து. சாக்ஸ்காரன்கிட்ட சொல்லிடாத. கேட்டா பேஜாரா பூடுவான்."

"நாங்க வாசிக்கறது உனக்கு எப்டி கேக்கும்?"

அவன் முடிச்சை இறுக்கினான்.

மாடியறையில் டைப்ரைட்டர்களைச் சுவரோரம் ஒதுக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்களின் முழங்கால் டிரம்ஸைத் தொடும் அளவுக்கு இடுக்கு. வெயில் கண்ணைக் குத்துகிறது என்று பொய் சொல்லி, கீபோர்டை அண்ணனின் வலது பக்கம் மாற்றிக்கொண்டேன். என் விரல்கள் ஈரமாக இருந்தன. துப்பட்டாவில் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வேர்த்தது.

ஆரம்பம் நன்றாகவே போனது. சாக்ஸபோன் முனகலாகத் தொடங்க, அண்ணன் சிம்பலை மெல்ல உரசினான். நான் இடையில் புகுந்தேன். ஆனால் என் கவனம் இசையில் இல்லை; அவன் முகத்திலேயே இருந்தது. கீழே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர, அவன் புருவம் சுருங்கியது.

பிறகு நான் பயந்தது நடந்தது. சாக்ஸபோன் ஒரு நீண்ட ஸ்வரத்தைத் தேய்த்துத் தேய்த்து நிறுத்தியது. நானும் கையை எடுத்தேன். மூவரும் சேர்ந்து அடங்க வேண்டிய இடம் அது. அண்ணன் மட்டும் தலையைக் குனிந்தபடி வாசித்துக்கொண்டே இருந்தான். நாங்கள் இன்னும் வாசிக்கிறோம் என்றே நினைத்திருக்கிறான். யாருக்கோ இடம் விட்டு, யாருக்கோ பதில் சொல்வதுபோல் வாசித்தான். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். சாக்ஸபோன் நண்பர் புரியாமல் என்னைப் பார்த்தார்.

அவன் தலை நிமிர்ந்தால் தெரிந்துபோகும். அவன் விட்ட அடுத்த இடைவெளியில் ஒரு கீழ்ஸ்தாயிக் கட்டையை அழுத்தினேன். அதற்கடுத்ததில் இன்னொன்று. அவன் எங்களைத் தொடரவில்லை, சரி, நாங்கள் அவனைத் தொடர்வோம் என்று தோன்றியது. நண்பரும் சட்டென்று பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அப்படியே முடிவுவரை அவனுக்குப் பின்னாலேயே போனோம். கைதட்டினார்கள். சிலர் பாதியிலேயே எழுந்து போயிருந்தார்கள்.

படியில் இறங்கும்போது அண்ணன் என்னை நிறுத்தினான். "நடுவுல நீங்க ரெண்டு பேரும் நிறுத்திட்டீங்க, இல்ல?"

"ஆமா."

"அவன் உன்னப் பாத்தத ஓரக்கண்ணுல பாத்தேன்." ஸ்னேர் டிரம்மை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான். பிறகு கீழே நின்ற நண்பரிடம் அவனே போனான். "மாமு, எனக்கு காது போய்க்கினு கீது."

நண்பர் கையிலிருந்த டீயைக் குடிக்கவே இல்லை. "டாக்டராண்ட போனியா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் நானும் கூடப் போனேன். போனது திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றுங்கள் என்றார் டாக்டர். அண்ணன் சத்தமில்லாத ஸ்டோர் வேலைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தான். கிடைக்க வெகுநாள் ஆனது. அதன் பிறகும் சில வருடங்கள் மூவரும் வாசித்தோம். ஒவ்வொரு முறையும் எனக்குக் கை வேர்த்தது. அவன் தலை குனிவதை விட்டுவிட்டு, எங்கள் தோள்களையே பார்த்து வாசித்தான்.