என் பேரில் போனவன்

என் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போனது ஒரு மாசி மாதத்தில். நான் அவளை அடித்திருந்தேன். அதற்கு அப்போது ஒரு காரணம் இருந்தது. இப்போது எவ்வளவு யோசித்தாலும் அது ஞாபகம் வரவில்லை. அவள் கையிலிருந்த கஞ்சிச் சட்டி உடைந்த சத்தம் மட்டும் வருகிறது. மகளுக்கு அப்போது இரண்டு வயது நிறையவில்லை. என் மனைவியின் அம்மா வீடு எங்கள் குப்பத்திலேயே அடுத்த தெரு.

ஊர்க்கூட்டம் கூடியது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் இந்த மாதிரி வழக்கெல்லாம் ஊர்ப் பெரியவர் முன்னால்தான் தீரும். கடல் தாண்டி வந்து கோட்டையில் இருக்கும் உலாந்தா வெள்ளைக்காரர்களுக்குத் துணி மூட்டையும் வெடிமருந்தும்தான் கவலை.

"பொண்ணு திரும்பி வர்றதும் வராததும் அது இஷ்டம்," என்றார் பெரியவர். "கொழந்தைக்கு நீ சோறு போடணும். நீ புடிக்கறதுல பாதி மாசாமாசம் அந்த வூட்டுக்குப் போவணும்."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலை வலையை உலர்த்தி, மடித்து, கூரைமேல் ஏற்றிக் கட்டினேன். தோணியைக் கரையில் கவிழ்த்துப் போட்டேன். ஏரிக்குப் போகாவிட்டால் மீன் இல்லை. மீன் இல்லாவிட்டால் அதில் பாதியும் இல்லை. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இன்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

இரண்டு மாதம் சும்மா இருந்தேன். அக்கா வீட்டில் ஒரு வேளைக் கஞ்சி கிடைத்தது. பகலெல்லாம் உலாந்தாக்காரர்களின் கல்லறைத் தோட்டத்து மதிலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். அந்த வாசலில் கல்லில் செதுக்கிய எலும்பு மனிதன் ஒருவன் உண்டு. குப்பத்து ஆட்கள் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

சித்திரை கடைசியில் மறுபடி கூட்டத்துக்கு அழைத்தார்கள். என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். குழந்தையின் கால்கள் மெலிந்திருந்தன. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தேன்.

"உடம்புக்கு இன்னா?" என்று பெரியவர் என்னைக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல."

"வூட்ல யாராவது படுத்த படுக்கையா கீறாங்களா, நீ கிட்ட இருந்து பாத்துக்கணும்னு?"

"யாரும் இல்ல."

"கோட்டையில மூட்ட தூக்க ஆள் கூப்ட்டாங்களே, அதுக்காவது போனியா?"

"போவல."

"ஏன்?"

"இஷ்டம் இல்ல."

அவர் எழுந்து எல்லோரையும் கரைக்கு அழைத்துப் போனார். என் தோணியைக் காட்டி, "அத்த நிமித்து," என்றார். இரண்டு பேர் பிடிக்க வேண்டிய தோணி அது. நான் வீம்புக்கு ஒற்றை ஆளாகப் புரட்டி நிமிர்த்தினேன். இளவட்டங்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. "கை நல்லாத்தான் கீது," என்றார்.

அப்போதுதான் நான் மனசில் சேர்த்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "புடிக்கறதுல பாதின்னு சொன்னீங்க. நான் புடிக்கல. ஒண்ணும் இல்லாததுல பாதி எவ்ளோ?"

"புடிக்கறதுலன்னு சொன்னது என் தப்பு," என்றார். "உன்னால புடிக்க முடியறதுல."

பிறகு மணலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். என் வயதுள்ள மூன்று பேரைக் கூப்பிட்டார். மூவரிடமும் என்னுடையதைப் போன்ற தோணியும் வலையும்தான். ஒவ்வொருவரும் ஒரு மாதத்தில் எத்தனை கூடை எறால் பிடித்தார்கள் என்று கேட்டு, கூடைக்கு ஒரு கிளிஞ்சலாக வரிசை வைத்தார். அதிகம் பிடித்தவனின் வரிசையைக் கலைத்தார். குறைவாகப் பிடித்தவனின் வரிசையையும் கலைத்தார். நடுவில் இருந்ததை வைத்துக்கொண்டார். மீன் படாத மாதங்களுக்காக இரண்டு கிளிஞ்சலை எடுத்தார். வலை பழுதுக்கும் தோணிக்கும் இரண்டை எடுத்தார். "இவனுக்கும் ஒரு வயிறு கீது, அதுக்கும் வைக்கணும்," என்று எனக்காகவும் கொஞ்சம் ஒதுக்கினார். மீதியில் பாதியை உள்நாட்டுக் குடியானவர்களிடம் மாற்றினால் மாதம் நாலு மரக்கால் நெல் வரும் என்று முடிந்தது. கையோ காலோ போனால் வந்து சொல், திரும்பக் கணக்குப் போடலாம் என்றார்.

நான் அந்தக் கிளிஞ்சல் வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விடியலில் எழுந்து, ஏரிக்குப் போய், இத்தனை கூடை கொண்டுவந்து, இவ்வளவு சாப்பிட்டு, இவ்வளவு கொடுக்கிற ஒருத்தன் அந்த மணலில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு என் வயது, என் கை.

"கணக்கு சரி. யாரு போய்ப் புடிக்கறது?" என்று கேட்டேன்.

கூட்டத்தின் கடைசியில் நின்ற ஒருவனைப் பெரியவர் காட்டினார். வடக்கே தன் தோணி உடைந்து, பிழைக்க வழி தேடி எங்கள் குப்பத்துக்கு வந்தவன். தனி ஆள். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் கழி நட்டு வலை கட்டலாம் என்பதற்கு முறை உண்டு; அதைப் பாடு என்போம். பாடு குப்பத்தில் பிறந்த குடும்பங்களுக்குத்தான். வெளியாளுக்குக் கிடையாது.

"உன் பாட்டுல, உன் தோணியில, உன் பேர்ல இவன் போவான்," என்றார் பெரியவர். "இவன் கூலி போவ மீதி கொழந்தைக்கு."

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல, கோட்டைக் கிடங்கில் மூட்டைகளுக்குக் குறி எழுதும் என் மருமகன் இதை எழுதுகிறான். இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, உங்கள் பேரை எழுதட்டுமா என்று கேட்டான். யார் பேரும் வேண்டாம் என்றேன். ஏன் என்று இனிமேல் சொல்வதில் அவனுக்கே தெரியும்.

பாடு நாளில், விடியும்போது கோட்டையில் பீரங்கி ஒரு தடவை வெடித்ததும், பெரியவர் கரையில் நின்று அன்றைக்கு முறை உள்ளவர்களின் பேரைக் கூப்பிடுவார். அந்தப் பேருக்குப் பதில் வர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும்.

முதல் நாள் வேடிக்கை பார்க்கப் போனேன். பெரியவர் என் பேரைக் கூப்பிட்டார்.

"கீறேன்," என்றான் வடக்கிலிருந்து வந்தவன்.

பத்தடி பின்னால் நின்ற என் வாய் பாதி திறந்திருந்தது. பழக்கத்தில் நானும் பதில் சொல்ல இருந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் தோணி தண்ணீரில் இறங்கியது. கரையில் படுத்திருந்த என் நாய் எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, தாவி அதில் ஏறிக்கொண்டது.

அந்த மாதம் குழந்தைக்கு நாலு மரக்கால் நெல் போனது. அடுத்த மாதமும் நாலு. அதற்கடுத்த மாதமும் அதேதான். ஏரியில் அப்படி நடக்காது. ஒரு மாதம் கொட்டும், ஒரு மாதம் காயும். கிளிஞ்சலில் வைத்த கணக்கு கொஞ்சமும் பிசகாமல் கூடையில் வந்து விழுந்துகொண்டிருந்தது. கேட்டவர்கள் அதிசயப்பட்டார்கள்.

ஒரு நாள் காலை, வலைக்குச் சாயம் போடும் கிழவரின் குடிசையைக் கடந்து போனேன். அவருக்குக் கண் பாதிதான் தெரியும். என் நடையை வைத்து என்னை அடையாளம் கண்டார்.

"இன்னாடா, இப்பத்தானே தோணி தள்ளிக்கினு போன? அதுக்குள்ள எப்படி இங்க வந்த?"

"போனது நான் இல்ல."

அவர் முகத்தை ஏரிப்பக்கம் திருப்பிக் காது கொடுத்துக் கேட்டார். "பேரு கூப்ட்டாங்களே. பதிலும் வந்துதே," என்றார். கையிலிருந்த வலையை இழுத்து மடிமேல் போட்டுக்கொண்டார்.

அக்கா ஒரு நாள் கஞ்சி எடுத்து வைக்கவில்லை. நான் போய் வாசலில் நின்றதும் திடுக்கிட்டுப் பார்த்தாள். "நீ ஏரிக்குப் போயிட்டன்னு இருந்துட்டேன்டா," என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு அவளே பயந்துபோய், என் கையைத் தொட்டுப் பார்த்தாள். அதன் பிறகும் இரண்டு முறை மறந்தாள்.

இதற்கெல்லாம் காரணம் உண்டு, எனக்குத் தெரியும். பாடு வரும்போதெல்லாம் காதில் விழும் பேர் அவனுடையதாகிவிட்டது. தெருவில் போகும்போதும் அவனை அந்தப் பேரால்தான் கூப்பிட்டார்கள். அவனும் திரும்பினான். என்னைக் கூப்பிட யாருக்கும் தேவை வரவில்லை. ஆனாலும் கல்லறைத் தோட்டத்து மதிலடியில் உட்கார்ந்து என் பேரை நானே மெல்லச் சொல்லிப் பார்த்தபோது, யாரோ அந்நியனைக் கூப்பிடுவது போல இருந்தது.

ஆவணி மாதத்தில் ஒரு மாலை, என் மனைவி மகளோடு கரையில் நின்றிருந்தாள். தோணி வந்தது. மகள் தண்ணீருக்குள் இறங்கி, "நைனா! நைனா!" என்று கத்தினாள். அவன் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, கையில் ஒரு சின்ன நண்டைக் காட்டிச் சிரிக்க வைத்தான். நான் கிட்டப் போய்க் குந்தி உட்கார்ந்து கையை நீட்டினேன். குழந்தை அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"யாரும்மா அது?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். "தெரியலடா கண்ணு," என்றாள்.

அவன் மட்டும் குழந்தையை இறக்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "நான் சொல்லித் தரல அண்ணே," என்றான் தெலுங்கு கலந்த பேச்சில். "பேரு கூப்ட்டா நான் பதில் சொல்றேன்ல. பாப்பா அத்தப் பாத்து அப்டி நெனச்சிக்கிச்சு." நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஐப்பசியில் வாடைக்காற்று மாறி அடித்த ஒரு நாள். காலையில் போன தோணிகள் எல்லாம் உச்சிப் பொழுதுக்குள் திரும்பிவிட்டன, என்னுடையதைத் தவிர. நான் குடிசைக்குள் படுத்திருந்தேன். வெளியே யாரோ ஓடிக்கொண்டே என் பேரைச் சொல்லி, "அவன் தோணி கவுந்துடுச்சாம்!" என்று கத்திக்கொண்டு போனார்கள். இன்னொரு குரல், "ஐயோ, போயிட்டானா!" என்றது. பெண்கள் அழும் சத்தம் அடுத்த தெருவிலிருந்து வந்தது. நான் செத்ததற்கு அழுகிறார்கள். பாயில் படுத்தபடி அதைக் கேட்டேன். எழுந்திருக்க முடியுமா என்றே சந்தேகமாக இருந்தது. ஒரு கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கரைக்கு ஓடினேன். என் மனைவி முழங்கால் தண்ணீரில் நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"நீ இங்க கீறியா?" என்றாள். "அப்ப போனது யாரு?"

அது பதற்றத்தில் வந்த வார்த்தை. பிறகு அவளே அப்படிச் சொன்னாள். ஆனால் அந்தக் கணத்தில் எங்கள் இருவருக்கும் பதில் தெரியவில்லை.

யாருடைய தோணி என்று பார்க்கவில்லை. கிடைத்ததைத் தள்ளி ஏறினேன். மழைத்திரை இறங்கி, கோட்டையும் மறைந்துவிட்டது. எனக்குப் பாடு உள்ள இடம் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில். கழி ஊன்றிக் கை மரத்துப்போகும் அளவுக்குத் தள்ளினேன். அங்கே என் தோணி கவிழ்ந்து மிதந்தது. ஆளைக் காணவில்லை. கூப்பிட வாயைத் திறந்தேன். அப்போதுதான் தெரிந்தது, அவன் பேர் எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை. ஊரில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எனக்கு வேறு வழியில்லை. அந்த மழையில், வெறும் தண்ணீரைப் பார்த்து, என் பேரையே உரக்கக் கூப்பிட்டேன். ஒரு தடவை. இரண்டு தடவை.

மூன்றாவது தடவை, மழைக்குள்ளிருந்து, "கீறேன்," என்று பதில் வந்தது.

குரல் வந்த திசையில் தோணியைத் திருப்பினேன். வலை கட்டிய கழி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடித் தொங்கிக்கொண்டிருந்தான். என் நாய் அவன் தோளில் முன்கால்களைப் போட்டுக்கொண்டு நடுங்கியது. இரண்டு பேரையும் இழுத்துப் போட்டேன்.

கரைக்குத் திரும்பும் வழியில் அவனுக்கு நினைவு வந்தது. "உன் பேரு இன்னா?" என்று கேட்டேன். அவன் யோசித்தான். யோசிக்க வேண்டியிருந்தது அவனுக்கு. அப்புறம் சொன்னான்.

மறுநாள் பெரியவரிடம் போய், இனி நானே போகிறேன் என்றேன். "கணக்கு மாறாது," என்றார். "அதே நாலு மரக்கால்." சரி என்றேன். அவன் பேரையும் சொன்னேன். அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அன்று முதல் அவனும் என்னோடு தோணியில் வந்தான், கூலிக்கு. கூடைகள் சில மாதம் அதிகமாக வந்தன, சில மாதம் வரவே இல்லை. வராத மாதத்தில் கடன் வாங்கி நாலு மரக்கால் போட்டேன்.

என் மனைவி திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை. மகள் அவனைப் பெரிய நைனா என்றும் என்னைச் சின்ன நைனா என்றும் கூப்பிடப் பழகினாள். அது அவளாகவே வைத்தது. அவள் கல்யாணத்தில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

கல்யாணம் ஆனதும் கணக்கு முடிந்தது என்று ஊர்க்கூட்டம் சொல்லிவிட்டது. அடுத்த மாதம் பழக்கத்தில் ஒரு கூடை நெல்லைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அதான் முடிஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கு?" என்றாள் என் மனைவி.

"இந்த மாசம் நல்லா விழுந்துச்சு," என்றேன்.

அவள் கூடையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, "வெயில்ல வந்திருக்க, தண்ணி குடி," என்றாள்.