டாக்டருக்கு வைத்த சுருதி

எண்பதுகளில் அமெரிக்காவில் எடிசன் ஊர்ப் பக்கம் தமிழ்க்காரர்கள் விழா நடத்தினால் மைக்செட் என்னுடையதுதான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஊரில் கல்யாண வீடுகளுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தவன் நான். விசா மட்டும்தான் அக்கா புருஷன் புண்ணியம். ஓக் ட்ரீ ரோட்டில் போட்ட மளிகைக் கடை என் சொந்த உழைப்பு. என்ஜினியரும் டாக்டரும் நிறைந்த கூட்டத்தில், "அண்ணாச்சி, சவுண்ட் ஓகேவா?" என்று என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

எங்களுக்கு ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. ஞாயிறு மதியம் கடையின் பேஸ்மென்டில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒத்திகை நடக்கும். ஆண் குரல் ஒரு டாக்டர். பெண் குரல், பக்கத்து ஊர் பிஸ்கட்டவேயில் மருந்து கம்பெனி லேப்பில் வேலை பார்த்த ஒரு பெண். மூன்று வருடமாக டூயட் மட்டும் பாடியவருக்கு ஒரு வருடத் தீபாவளி விழாவில்தான் முதல் தனிப்பாட்டு.

அவர் கடையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது முணுமுணுப்பார். அது கல்லாவரைக்கும் கேட்கும். அதே குரல் கீழே வந்து மைக்கைப் பிடித்தால் காணாமல் போய்விடும், அதிலும் பாட்டு கொஞ்சம் இறங்கினால் வெறும் காற்றுதான் வரும். நான் வால்யூமைக் கூட்டுவேன். ஸ்பீக்கர் கீச்சென்று கத்தும், டாக்டர் காதைப் பொத்திக்கொள்வார். நாலு ஞாயிறு இதே கூத்து.

"டாக்டர் சார், வாய்ஸ் பத்தாது. டூயட்டோட நிறுத்திக்கலாம்." இதைச் சொன்னது வேறு யாரும் இல்லை, நானேதான்.

அந்தப் பெண் பாட்டு நோட்டை மூடினார். "அடுத்த வாரம் ஒரே ஒரு தடவை ட்ரை பண்றேன் அண்ணாச்சி. அப்பவும் வரலைன்னா எடுத்துடுங்க."

அந்த வாரம் எங்கள் கீபோர்டுக்காரர் சான் ஹோசேயில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் ஒரு நர்ஸ். சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர், எல்லோருக்கும் சிஸ்டர். டியூட்டி முடித்து அதே வெள்ளை உடுப்போடு வந்து உட்கார்ந்தார். முதல் கேள்வியே அந்தப் பெண்ணிடம்தான்.

"நீங்க எத்தனை கட்டை?"

"தெரியாது சிஸ்டர். என்னை யாரும் கேட்டதில்லையே."

"பின்ன இவ்வளவு நாளா எதுல பாடினீங்க?"

"டாக்டர் சாருக்கு வச்ச சுருதிதான். எல்லாப் பாட்டும்."

கட்டை என்பது குரல் நிற்கிற இடம். ஆணுக்குக் கீழே, பெண்ணுக்கு மேலே. இது தெரிய காலேஜ் தேவையில்லை; ஊரில் எத்தனையோ கச்சேரிக்கு மைக் வைத்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய கீபோர்டுக்காரருக்கு டாக்டரின் இரண்டு கட்டையைத் தவிர வேறெதுவும் வாசிக்க வராது. அதுதான் சங்கதி.

"பாடுங்க, தேடிப் பாத்துடலாம்," என்றார் சிஸ்டர். மூன்று வைத்தார். நாலு வைத்தார். ஐந்துக்கு வந்தபோது, கத்தரிக்காய்க் கூடையண்டை கேட்ட அதே குரல் பேஸ்மென்ட் முழுக்க நிறைந்தது. என் கை பழக்கதோஷத்தில் வால்யூமுக்குப் போயிற்று.

"அண்ணாச்சி, அதுல கை வைக்காதீங்க!" என்றார் சிஸ்டர்.

பாட்டு முடிந்ததும் டாக்டர்தான் முதலில் கை தட்டினார். பிறகு அவருக்குச் சந்தேகம். "சிஸ்டர், டூயட்டையும் இப்படி ஏத்திட்டா என் தொண்டை என்ன ஆகிறது?"

"ஒரு பாட்டு கஷ்டப்படுங்க டாக்டர். அவங்க மூணு வருஷமா படுறாங்க."

டாக்டர் உட்பட எல்லோரும் சிரித்தோம். பாடகி மட்டும் சிரிக்கவில்லை, நோட்டைத் திரும்பத் திறந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு கடையில் கேசட் ஓடும்போதெல்லாம் என் காது வேறு மாதிரி கேட்டது. சினிமாவில் பாடுகிற பெண்கள் ஆணோடு சேர்ந்து அடி ஆழம்வரை இறங்குகிறார்கள், மறு வரியில் உச்சிக்குப் போகிறார்கள். எங்கேயும் மூச்சு வாங்குகிற சத்தம் கிடையாது. திரையில் உதடு அசைக்கிறவளுக்கு அழுகை என்றால் பாடுகிறவள் குரலும் அழ வேண்டும், ஆனால் சுருதி அசையக் கூடாது. நாற்பது மூட்டை அரிசியை ஒற்றை ஆளாக இறக்கியவன் நான். அவர்கள் செய்வது அதைவிடக் கனமான வேலை.

விழா அன்று ஸ்கூல் ஆடிட்டோரியத்தில் எங்கள் பாடகி ஐந்து கட்டையில் பாடினார். சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள் பேப்பர் தட்டோடு உள்ளே வந்து சுவரோரம் நின்று கேட்டார்கள். கீச்சென்ற சத்தம் ஒரு தடவைகூட வரவில்லை.

"சவுண்ட் பிரமாதம் அண்ணாச்சி! என்ன பண்ணீங்க?" என்று பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள்.

"வால்யூமைக் குறைச்சேன்," என்றேன்.

அடுத்த வருட விழாவில் அவருக்கு மூன்று தனிப்பாட்டு, டாக்டருக்கு ஒன்று. நிகழ்ச்சி நிரலை எழுதியது சிஸ்டர். எழுதச் சொன்னவன் நான்தான்.