அப்பா மஞ்சள் டேக் கட்டி வைத்த செடிகள்

இந்த நினைவு மலர் அப்பாவின் கைக்குப் போயிருந்தால் முதலில் பக்கங்கள் சரியாக இருக்கின்றனவா என்று புரட்டிப் பார்த்திருப்பார். அடுத்து, தம் படம் நேராக அச்சாகியிருக்கிறதா என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்திருப்பார். அதன் பிறகுதான், "யாரு எழுதினது? பொண்ணா? அப்ப நெறைய புளுகியிருப்பா" என்று படிக்க ஆரம்பித்திருப்பார். அவருக்குப் பயந்தே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

அப்பா பிறந்தது மணிமங்கலத்தில், உழவுக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாக. தாத்தா சீக்கிரமே காலமாகிவிட்டதால், ஐ.டி.ஐ. முடித்த கையோடு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் சேர்ந்து தம்பி தங்கைகளைக் கரையேற்றினார். பின்னர் ஒரகடத்தில், கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அங்கே ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். லைனில் வரும் ஒவ்வொரு பாகத்தையும் வெளிச்சத்தில் பிடித்து, இதில் என்ன கோளாறு என்று தேடுவதுதான் வேலை. நல்லதற்குப் பச்சை டேக், கழிப்பதற்குச் சிவப்பு. சந்தேகமாக இருந்தால் மஞ்சள். அதற்கு ஹோல்டு என்று பெயர். மஞ்சளைக் கட்டியவரே திரும்ப வந்து பார்த்து அவிழ்க்க வேண்டும். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.

அந்த வேலை அவரோடு கம்பெனி பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுபவர், டிவியில் மழை வரும் என்று சொல்பவர் எல்லாருமே அப்பாவுக்கு ஹோல்டுதான். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் கணவரை ஹோல்டில் போட்டவர், பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் எடுத்தார். எடுத்துவிட்டதாக என் கணவர் நம்புகிறார்.

படப்பைக்கு அருகே அவர் கட்டிய வீட்டில், காம்பவுண்டை ஒட்டி ஒரு செம்பருத்தி உண்டு. நிறையப் பூக்கும். ஆனால் நாங்கள் எழுந்து பார்க்கும்போது ஒரு பூ இருக்காது. எதிர் வீட்டு மாமா விடியற்காலையில் வாக்கிங் போகிறவர். கையில் பிளாஸ்டிக் கவர் வைத்திருப்பார். அவர் வீட்டுச் சாமி படங்களில் தினமும் செம்பருத்தி இருக்கும். அப்பாவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒருநாள் தெருவில் வைத்தே கேட்டுவிட்டார்.

"இன்னா சார், கவர்ல இன்னா கீது?"

"பால் பாக்கெட்டு. ஏன், செக் பண்ணணுமா?"

"தெறந்து காட்டுங்க, பாக்கலாம்."

மாமா காட்டவில்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அப்பா கேட்டுக்குப் பூட்டுப் போட்டார். தெருப் பக்கம் நீண்ட கிளைகளை வெட்டினார். பூ போய்க்கொண்டேதான் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு வாலாஜாபாத் சாலையோர நர்சரி ஒன்றுக்கு என்னையும் அழைத்துப் போனார். அங்கே ஒரு விதைக் கவரைக் காட்டி, "இது சீமைத்துத்தி சார். மொத வருஷம் பூக்காது, வெறும் எலதான். அடுத்த வருஷம் ஆள் ஒசரத்துக்குத் தண்டு வுட்டுப் பூக்கும். வெத வுட்டுட்டுப் போய்ச் சேந்துடும்" என்றார் நர்சரிக்காரர். அப்பா என் காதில், "அடுத்த வருஷம் வந்து கேக்கறதுக்குள்ள இவன் கடையக் காலி பண்ணிக்கினு போயிடுவான்" என்றார். சாலையைக் கடக்கும்போது திடீரென்று நின்றார். "இரு. பூவே இல்லாத செடியில அந்தாளு இன்னாத்தத் திருடுவான்?" என்று திரும்பிப் போய் விதை வாங்கினார். அதே போல இரண்டு வருடச் செடி என்று பார்ஸ்லி விதையும் வாங்கினார். திருடனை ஒரு வருடம் காயப்போட்டு, மறு வருடம் கையும் களவுமாகப் பிடிப்பது அவர் திட்டம்.

ஆவணியில் விதைத்தார். முளைத்ததும் ஒவ்வொரு செடிக்கும் குச்சி நட்டு மஞ்சள் டேக் கட்டினார். துத்தி, வெண்டை இலை மாதிரி விரிந்து தரையோடு படுத்துக்கொண்டது. பார்ஸ்லியைக் கிள்ளி முகர்ந்து, "கொத்தமல்லிக்குப் பேர மாத்தி வித்துட்டான்" என்றார். அம்மா அதை ரசத்தில் போட்டார். அப்பா ரசத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொண்டார்.

எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட அப்பா ஒன்றை மட்டும் நம்பிவிட்டார். மாசி மாதம் ஒரு காலையில் நெஞ்சு வலித்தபோது, "வாயுதான், பூண்டு தட்டிப் போடு" என்றார். அன்று மாலைக்குள் எங்களை விட்டுப் போய்விட்டார். ஊரில் உள்ள அத்தனை பேரிடமும் கோளாறு தேடியவர் தம் நெஞ்சை ஒரு தடவை சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா? இன்றும் எனக்கு ஆறவில்லை.

பந்தல் போட வந்தவர்கள் தோட்டத்தில்தான் கால் நட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு பார்த்தேன். பாத்தியைச் சுற்றிச் செங்கல் அடுக்கியிருந்தது. பந்தல் கால்கள் தள்ளி நட்டிருந்தன. ஓர் இலைகூட மிதிபடவில்லை. யார் செய்தது என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

காரியம் முடிந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்மாவை என்னுடன் தாம்பரத்துக்கு அழைத்துப் போனேன். கத்திரி வெயிலில் ஒருநாள் வந்து பார்த்தோம். பார்ஸ்லி கருகிப் போயிருந்தது. துத்தி மட்டும் பசேலென்று நின்றது. அடியில் மண் ஈரம். "ஐயையோ, எவனோ உள்ள வந்துக்கீறான்டி!" என்று அம்மா பீரோவைப் பார்க்க ஓடினார். நான் அப்பாவின் பெண். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். தெருப் புழுதியில் ஒரு தண்ணீர்க் கோடு காம்பவுண்டிலிருந்து கிளம்பி எதிர் வீட்டு வாசலில் போய் முடிந்தது. அங்கே மாமா ஓஸ் பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, எங்க செடிக்குத் தண்ணி நீங்களா வுடறீங்க?"

"ஆமாம்மா. ஆனா உள்ள வரல. சொவுத்துக்கு மேலேருந்து அடிக்கிறேன். சந்தேகப்படாத."

"எதுக்கு?"

"எதுக்கா? பூத்தா நான் பறிக்கிறனான்னு பாக்கத்தான உங்கப்பா அத வெச்சாரு? பூக்காமலே காஞ்சிப் போச்சுன்னா நான் காலத்துக்கும் திருடனாவே நிக்கணுமா?"

பாத்தியில் செங்கல் வைத்ததும் அவர்தானா என்று கேட்டேன். "பந்தல்காரனுக்குக் கண்ணு வாணாம்?" என்று மட்டும் சொன்னார். பிறகு பைப்பைக் கீழே வைத்துவிட்டு எங்கள் கேட்டையே பார்த்தார். "காலையில கதவத் தெறந்தா எதிர்ல மொறச்சிக்கினு நிப்பாரும்மா. இப்ப அந்தச் செடிதான் கீது."

அம்மா பிறகு படப்பை வீட்டுக்கே திரும்பிவிட்டார். சென்ற வாரம் துத்தி பூத்தது. நல்ல அடர் சிவப்பு. நர்சரிக்காரர் சொன்னபடியே ஆள் உயரத் தண்டு, மேலே மேலே மொட்டு. அம்மா ஜன்னலில் இருந்து மாமாவைப் பார்க்கிறார். மாமா அவர் வாசலில் இருந்து தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறார். இதுவரை ஒரு பூகூடக் குறையவில்லை. மஞ்சள் டேக் வெயிலில் வெளுத்துப் போய் அப்படியே இருக்கிறது. கட்டியவர் வர முடியாததால் நாங்கள் அவிழ்க்கவில்லை.

அப்பாவைத் தோளில் சுமந்த உறவினர்களுக்கும், ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து நின்ற தொழிற்சாலை நண்பர்களுக்கும், அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. எதிர் வீட்டு மாமாவுக்குத் தனியாக நன்றி. செம்பருத்தியைப் பறித்தது அவர்தானா என்பது இன்னும் முடிவாகவில்லை. கேட்பதாகவும் இல்லை.

மாமாவுக்கு ஒரு வேண்டுகோள். நினைவு நாளன்று அப்பா படத்துக்கு முதல் பூவை உங்கள் கையால் பறித்து வைக்க வேண்டும். எப்போதும் போல விடியற்காலையிலேயே வாருங்கள். அன்று எங்கள் கேட் பூட்டியிருக்காது.